குழந்தைக்குக் காய்ச்சலா? தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் குழந்தையைப் பாருங்கள்!

குழந்தைக்கு உடம்பு சுட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அப்பா தெர்மாமீட்டரைத் தேடி எடுப்பார். 100 டிகிரி என்றால் "லேசான ஜுரம்தான்" என்று நிம்மதி. 103 என்றால் வீடே அமர்க்களப்படும்!

தெர்மாமீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 103 டிகிரி காய்ச்சலோடு வந்து, என் கிளினிக்கில் நாற்காலி மேல் ஏறிக் குதிக்கிற குழந்தைகள் உண்டு. காய்ச்சலே இல்லாமல், கை கால் சில்லிட்டு, அம்மாவின் தோளில் துவண்டு கிடக்கிற குழந்தைகளும் உண்டு. இரண்டில் யாரை முதலில் உள்ளே அழைப்பது என்று கேட்டால், அனுபவமுள்ள எந்த மருத்துவரும் யோசிக்க மாட்டார். துவண்டு கிடக்கிற குழந்தையைத்தான் அழைப்பார்.

அந்தக் குழந்தைக்கு வந்திருப்பது 'செப்சிஸ்' ஆக இருக்கலாம். 2020-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான கணக்கின்படி, 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்திருக்கிறது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 2 கோடி பேர். அந்தக் குழந்தைகளில் 29 லட்சம் பேர் இறந்து போனார்கள். ஏதோ பெயர் தெரியாத வியாதியால் அல்ல. வயிற்றுப்போக்கு, நிமோனியா, பிறந்த குழந்தைக்கு வருகிற தொற்று என்று நாம் அன்றாடம் கேள்விப்படுகிற நோய்கள்தான் காரணம்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. காய்ச்சல் வருகிற குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் மூன்று நான்கு நாளில் எழுந்து ஓடியாடத்தான் போகிறார்கள். மீதியுள்ள அந்தச் சிலரை நேரத்தோடு அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும். காய்ச்சல் யாருக்கு வந்திருக்கிறது? குழந்தை எப்படி இருக்கிறது? எவ்வளவு நேரம் ஆகிவிட்டது?

செப்சிஸ் என்றால் என்ன?

"புண் செப்டிக் ஆயிடுச்சு" என்று சொல்வோமே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி உடலில் நுழைந்ததும் நம் எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்குகிறது. காய்ச்சல், வீக்கம், சீழ் எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். பெரும்பாலும் சண்டை நுழைந்த இடத்திலேயே முடிந்துவிடும். சில சமயம் முடியாது. திருடனைப் பிடிக்கக் கிளம்பிய ஊர்க்காரர்கள், இருட்டில் கண்மண் தெரியாமல் வீட்டையே அடித்து நொறுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறிப் போய், உடலின் சொந்த உறுப்புகளைச் சேதப்படுத்துகிற நிலைதான் செப்சிஸ்.

அப்போது ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கின்றன. நுண்ணிய குழாய்களில் ரத்தம் அங்கங்கே உறைகிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டிய ரத்தமும் பிராணவாயுவும் குறைகின்றன. 2024-ஆம் ஆண்டு உலகின் பல நாட்டு நிபுணர்கள் கூடிக் குழந்தைகளுக்கென்றே புதிய இலக்கணம் வகுத்தார்கள். நுரையீரல், ரத்த ஓட்டம், ரத்தம் உறைதல், மூளை ஆகிய நான்கும் எந்த அளவு தடுமாறுகின்றன என்று மதிப்பெண் போட்டு செப்சிஸைக் கண்டுபிடிக்கிறார்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதற்கு அந்தப் பட்டியலில் மதிப்பெண்ணே கிடையாது!

அந்த இலக்கணத்துக்கு உட்பட்ட குழந்தைகளில், வசதி மிக்க ஆஸ்பத்திரிகளிலேயே 100-க்கு 7 பேர் இறந்திருக்கிறார்கள். வசதி குறைந்த இடங்களில் 100-க்கு 28 பேர். கிருமியின் பலம் மட்டுமல்ல, எங்கே, எப்போது சிகிச்சை கிடைக்கிறது என்பதும் குழந்தையின் தலைவிதியை நிர்ணயிக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

எங்கள் சித்த மருத்துவத்திலும் வாத, பித்த, கபம் மூன்றும் ஒருசேரக் கெடுகிற சுரத்தை 'சன்னிபாதம்' என்று தனியே பிரித்து, உயிருக்கே ஆபத்தானது என்று எச்சரித்திருக்கிறார்கள். எல்லாக் காய்ச்சலும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கை நமக்குப் புதிதல்ல.

முதல் கேள்வி: யாருக்கு வந்திருக்கிறது?

ஒரே கிருமி அண்ணனுக்கு இரண்டு நாள் ஜலதோஷமாகப் போய்விடும். தொட்டிலில் கிடக்கிற தங்கையை ஐ.சி.யூ. வரை கொண்டுபோகும். கீழ்க்கண்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் "பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

கைக்குழந்தைகள்: மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு, அதிலும் பிறந்து 28 நாள் ஆகாத சிசுவுக்கு, எதிர்ப்புச் சக்தி இன்னும் பழகவில்லை. 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் போனாலும் சரி, 96-க்குக் கீழே இறங்கினாலும் சரி, அன்றே, அப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த வயதில் காய்ச்சலே வராமல்கூட செப்சிஸ் வரும். "நேத்து வரைக்கும் நல்லா பால் குடிச்சான், இன்னிக்கு வாயே வைக்கலை" என்பதுதான் பல சமயம் முதல் அறிகுறி.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்து பிறந்தவர்கள்: தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் பொருட்கள் குழந்தைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தை அந்தச் சீதனத்தை முழுசாக வாங்காமலே வந்துவிடுகிறது. இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கும் கூடுதல் கவனம் தேவை.

ஊட்டம் குறைந்த குழந்தைகள்: "எங்க வீட்டில் என்ன டாக்டர் பஞ்சமா?" என்று கேட்பீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை! பிஸ்கட்டும் சிப்ஸும் வயிற்றை நிரப்பும், ரத்தத்தை நிரப்பாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அந்த உடம்புக்குக் காய்ச்சலை உண்டாக்கக்கூடச் சக்தி இருக்காது. "ஜுரம் இல்லையே" என்று ஏமாந்துவிடக் கூடாது.

தட்டம்மை வந்து போன குழந்தைகள்: நம் ஊரில் மணல்வாரி என்பார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். 2019-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த 77 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்து போயிருந்தது! ஆகவே அம்மை வந்து போன குழந்தைக்குப் பல மாதங்கள் வரை எந்தக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யாதீர்கள். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், விரதம் இருங்கள். அதோடு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

ஏற்கெனவே நோயுள்ள குழந்தைகள்: பிறவி இதயக் கோளாறு, சிறுநீரக நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய்க்கு கீமோதெரபி, எச்.ஐ.வி., மண்ணீரலை எடுத்துவிட்ட நிலை, அரிவாள் செல் ரத்தசோகை ஆகியவை உள்ள குழந்தைகளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. அதிலும் கீமோதெரபி எடுக்கிற குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இவர்களோடு, தீக்காயம் பட்டவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், தடுப்பூசிகள் தவறிப் போனவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: குழந்தை எப்படி இருக்கிறது?

சித்த மருத்துவக் கல்லூரியில் நோயாளியைப் பரிசோதிக்க எங்களுக்குச் சொல்லித்தருவது 'எண்வகைத் தேர்வு'. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு. நாடியை எங்களிடம் விட்டுவிடுங்கள். மீதி ஏழையும் ஒரு தாய் வீட்டிலேயே பார்க்கலாம். இன்றைய ஆஸ்பத்திரியில் செப்சிஸ் குழந்தையிடம் டாக்டர்கள் முதல் பார்வையில் தேடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஸ்பரிசம்: நெஞ்சும் வயிறும் கொதிக்க, கையும் பாதமும் ஐஸ் மாதிரி இருக்கிறதா? காய்ச்சல் ஏறுகிற நேரத்தில் சிறிது நேரம் கை கால் குளிர்வது சகஜம். காய்ச்சல் ஏறி முடிந்த பிறகும் சில்லிட்டே இருந்தால் கவனியுங்கள். உயிர் காக்கும் உறுப்புகளுக்காக, உடம்பு கை கால்களுக்குப் போகிற ரத்தத்தை நிறுத்தி வைக்கிறது என்று அர்த்தம். குழந்தையின் நெஞ்செலும்பின் மேல் விரலால் 5 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் தடுமாறுகிறது.

நிறம்: உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருக்கிறதா? தோல் சாம்பல் பூத்த மாதிரி, அல்லது திட்டுத் திட்டாகப் பளிங்குக் கல் போல இருக்கிறதா? மாநிறக் குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத கருஞ்சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

மொழி: பேசுகிற குழந்தை சம்பந்தமில்லாமல் உளறுகிறதா? கைக்குழந்தையின் அழுகை முனகலாகத் தேய்ந்துவிட்டதா, அல்லது வழக்கமில்லாத கீச்சுக் குரலில் வீறிடுகிறதா? "இது என் பிள்ளை அழுற மாதிரியே இல்லை டாக்டர்" என்று ஒரு தாய் சொன்னால், அதை லேசாக எடுத்துக்கொள்ள நான் என் ஜூனியர்களை அனுமதிப்பதில்லை.

விழி: உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? கிலுகிலுப்பையை ஆட்டினால் கண் திரும்புகிறதா? எழுப்பினாலும் உடனே மீண்டும் சொருகிக்கொள்கிற கண், குழிவிழுந்த கண் இரண்டும் ஆபத்து. மூளை மந்தமாவது செப்சிஸில் மரணத்தை முன்னறிவிக்கிற மிக முக்கியமான அடையாளங்களில் ஒன்று. "நல்லா தூங்குறான், தொந்தரவு பண்ணாதே" என்று பாட்டி சொல்லலாம். பால் நேரத்துக்கு எழுப்பிப் பாருங்கள். எழுந்து குடித்தால் அது தூக்கம். எழவே முடியவில்லை என்றால் அது தூக்கம் இல்லை.

நா: வாயும் நாக்கும் வறண்டு, அழுதால் கண்ணீர் வராமல் இருக்கிறதா?

மலம்: தண்ணீராகப் பல தடவை போகிறதா? ரத்தம் கலந்திருக்கிறதா?

மூத்திரம்: கைக்குழந்தையின் துணி 6 மணி நேரமாக நனையவில்லையா? பெரிய குழந்தை காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லையா? சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இந்த எட்டோடு, ஒன்பதாவதாக மூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், மூச்சோடு முனகல் வந்தாலும் இன்னும் ஆபத்து.

"பிரஷர் நார்மல்னு சொன்னாங்களே?" என்று சிலர் கேட்பார்கள். குழந்தையின் உடம்பு விடாப்பிடியானது. இதயத்தை வேகமாக ஓட்டி, ரத்தக் குழாய்களை இறுக்கி, கடைசிவரை ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு ஒரேயடியாகக் கை விட்டுவிடும். அழுத்தம் இறங்கிய பிறகு மீட்பது மிகக் கடினம். அதனால்தான் அதற்கு முன்பே தெரிகிற இந்த அடையாளங்களை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்!

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்:
* தாய்ப்பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை
* குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது
* வலிப்பு வந்தது
* துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் எழவில்லை
* வேக மூச்சு, நெஞ்சில் குழி, முனகல்
* கை கால் சில்லிப்பு, நீலம், அழுத்தினாலும் மறையாத புள்ளிகள்
* 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை
* மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அல்லது உடல் குளிர்ச்சி
* "என் பிள்ளை இப்படி இருக்க மாட்டானே" என்று உங்கள் மனசு சொல்கிறது

மூன்றாவது கேள்வி: எவ்வளவு நேரம் ஆகிவிட்டது?

2012-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க்கில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளியில் பந்துக்குப் பாய்ந்தபோது கையில் சிராய்த்துக்கொண்டான். அடுத்து காய்ச்சல், வாந்தி, கால் வலி. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாட்களிலேயே செப்சிஸில் இறந்து போனான். அவன் பெற்றோர் ஓயவில்லை. அவர்களுடைய முயற்சியால், செப்சிஸைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் சிகிச்சை தர வேண்டும் என்று அந்த மாநில ஆஸ்பத்திரிகள் அனைத்துக்கும் 2013-ஆம் ஆண்டில் விதியே வந்துவிட்டது. அதன்பிறகு அங்கே நடந்த ஆய்வில், ரத்தக் கல்ச்சர், ஆன்ட்டிபயாட்டிக், நரம்பு வழித் திரவம் மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்த குழந்தைகளிடையே இறப்பு குறைவாக இருந்தது.

2020-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதிர்ச்சி இல்லாத செப்சிஸுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஆன்ட்டிபயாட்டிக் ஆரம்பித்துவிட வேண்டும்.

மணிக்கணக்கு இப்படி இருக்க, நாம் எங்கே நேரத்தைக் கரைக்கிறோம்?

"உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டுவதில் ஒரு காலைப் பொழுது. "தொக்கம் எடுத்தா சரியாயிடும்" என்று பக்கத்து ஊருக்கு ஒரு பயணம். "மாந்தம்" என்று வயிற்றில் சூடு. மெடிக்கல் ஷாப்பில் "குழந்தைக்கு ஜுரம், ஏதாவது குடுங்க" என்று ஒரு பாட்டில். போன தடவை மிச்சமான ஆன்ட்டிபயாட்டிக் சிரப்பில் இரண்டு வேளை. அப்பா ஆபீஸிலிருந்து வரட்டும் என்று ஒரு மாலை. ஆக, இரண்டு நாள்!

மிச்ச சிரப் விஷயத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் அது சிக்காமல் மறைத்துவிடும். கிருமிகளுக்கும் மருந்து பழகிப் போகும். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், செப்சிஸுக்குக் காரணமான கிருமிகளில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்ட்டிபயாட்டிக்குகளுக்கும் கட்டுப்படாதவையாக இருந்தன. தேவையில்லாத ஜலதோஷத்துக்கு நாம் ஊற்றிய சிரப், தேவையான நேரத்தில் இன்னொரு குழந்தைக்குப் பயன்படாமல் போகிறது.

இரவு நேரம், வண்டி இல்லை என்றால் 108-ஐ அழையுங்கள். அது இலவசம். குழந்தை விழித்திருந்து குடிக்க முடிந்தால் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போங்கள். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்துகளின் பாட்டில், கஷாயம் கொடுத்திருந்தால் அதன் பெயர் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்!"

ஆஸ்பத்திரிக்குப் போனதும் நம்மவர்கள் வற்புறுத்துவது இதைத்தான். நரம்பில் திரவம் ஏற்றுவது பல குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றுகிறது, உண்மை. ஆனால் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ஆம் ஆண்டில் வெளிவந்து மருத்துவ உலகையே திகைக்க வைத்தது. மளமளவென்று திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள். அப்படி ஏற்றாத குழந்தைகளில் 7.3 சதவீதம் பேர்தான்! ஐ.சி.யூ. வசதி இல்லாத இடத்தில் வேகமாகத் திரவம் ஏற்றுவது கெடுதலாகவும் முடியலாம். ஆகவே தெருமுனை கிளினிக்கில் பாட்டில் தொங்கவிட்டு நேரத்தைப் போக்காதீர்கள். பிராணவாயு, ரத்தப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை பார்க்கும் வசதி, குழந்தை மருத்துவர் எல்லாம் உள்ள இடத்துக்குப் போங்கள்.

வீடு திரும்பிய பிறகு...

"கண்டம் தப்பிச்சுது" என்று தேங்காய் உடைத்து உள்ளே அழைத்து வந்தாயிற்று. கதை முடிந்ததா? இல்லை. உகாண்டாவில் தொற்றுநோய்க்காகச் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட 1,307 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ஆம் ஆண்டில் வெளியானது. ஆஸ்பத்திரிக்குள் இறந்தவர்கள் சுமார் 5 சதவீதம். டிஸ்சார்ஜ் ஆனவர்களிலும் ஆறே மாதத்தில் ஏறக்குறைய அதே அளவு பேர் இறந்திருந்தார்கள்! அவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஆஸ்பத்திரிக்கே வந்து சேரவில்லை. கை மெலிந்த குழந்தைகள், சேர்க்கும்போது பிராணவாயு குறைந்திருந்தவர்கள், நினைவு மங்கியிருந்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம்.

நம் ஊர் நிலைமை வேறுதான். ஆனாலும் பாடம் பொதுவானது. டிஸ்சார்ஜ் ஆன குழந்தைக்கு மருந்தை முழு நாளும் கொடுங்கள். சொன்ன தேதிக்குத் திரும்பக் காட்டுங்கள். பசி எடுக்கத் தொடங்கியதும் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். நெய் விட்ட பருப்புச் சாதம், முட்டை, கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம் எல்லாம் வயதுக்கேற்பக் கொடுக்கலாம். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். மாதா மாதம் எடை பாருங்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி காய்ச்சல் வந்தால் "யாருக்கு?" பட்டியலில் உங்கள் குழந்தையும் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்த மருந்து கொடுக்கலாமா?

என்னிடம் வருகிற எல்லாருமே கேட்கிற கேள்வி இது. பதிலை ஒளிக்காமல் சொல்கிறேன். விளையாடுகிற, குடிக்கிற, சிரிக்கிற குழந்தையின் சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் சித்த மருத்துவர் பார்த்து, வயதுக்கேற்ற அளவில் கொடுக்கும் மருந்துகளுக்கு இடம் உண்டு. மேலே கட்டத்தில் சொன்ன அடையாளம் ஒன்று தெரிந்தாலும், நிலவேம்புக் குடிநீரும் வேண்டாம், உரைமருந்தும் வேண்டாம். அந்த நேரத்தில் தேவை நரம்பு வழி ஆன்ட்டிபயாட்டிக்கும் பிராணவாயுவும். என் கிளினிக்குக்கு அப்படி ஒரு குழந்தை வந்தால் சீட்டு எழுதுவதற்கு முன்பே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறேன். இதில் என் வைத்தியத்துக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. இது தீரும், இது தீராது என்று பிரித்தறிவதும் வைத்தியனின் கடமை என்றுதான் எங்களுக்குப் பாடமே!

பாரம்பரியம் என்ற பெயரில் நடக்கிற சில காரியங்களையும் இன்றோடு விட்டுவிடுங்கள். தொப்புளில் சாணமோ, சாம்பலோ, மஞ்சளோ வைக்காதீர்கள். தொப்புள்கொடி விழும்வரை சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடாதீர்கள். பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்காதீர்கள். அங்கே சீழ் கட்டி, அதிலிருந்தே செப்சிஸ் வரலாம். சூடு போடுவதைச் சொல்லவே வேண்டாம். தோல் என்கிற கோட்டைச் சுவரை நாமே உடைத்துக் கிருமிக்கு வழி விடுகிற வேலை அது.

வருமுன் காக்க...

செலவில்லாத காவல்கள் பல நம் கையிலேயே இருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், சேனை எதுவும் வேண்டாம். 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, மீண்டும் ஒன்றரை வயதை ஒட்டி இன்னொரு தவணை. நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியும் 2021 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பார்க்க வருகிற விருந்தாளியையும் கழுவச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சிரங்கு, கொப்புளம், காதில் சீழ் என்று சின்னதாக இருக்கும்போதே கவனித்துவிடுங்கள்.

அடுத்த முறை நள்ளிரவில் குழந்தைக்கு உடம்பு சுடும்போது, விளக்கைப் போட்டு அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில்கள் நல்லபடியாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, பால் கொடுத்து, டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து, பக்கத்திலேயே படுத்துக் கவனித்துக்கொள்ளலாம். ஒரு பதில் இடித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். "ஒண்ணும் இல்லாததுக்கு நடு ராத்திரியில் தூக்கிட்டு வந்துட்டீங்களே" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே திரும்பி வாருங்கள். அப்படிக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவதைவிட நல்ல ராத்திரி ஒரு பெற்றோருக்கு இல்லை!